முன்னே ஓடி விலகுகிறவர்

இலண்டன் மாநகரின் வடபகுதியில், பார்லிமென்ட் ஹில் என்னும் குன்றின் அருகே ஓர் ஓட்டத்தளம் உண்டு. 1879-ஆம் ஆண்டில் தோன்றிய ஹைகேட் ஹாரியர்ஸ் என்னும் ஓட்டச் சங்கத்தார், 2013-ஆம் ஆண்டில் அங்கே பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்திற்கென்றே ஒரு விழா எடுக்கத் தொடங்கினர். அவரவர் தமது முந்தைய நேரத்தைக் குறைத்துக்கொள்ளும் இரவு என்பதே அவ்விழாவின் பெயருக்குப் பொருள். ஒத்த திறமையுடையோரை ஒன்றாகச் சேர்த்து, ஓட்டத்தின்பின் ஓட்டமாக நடத்துவார்கள். பார்ப்போர் வெளிப்பாதைகளுக்கே வந்து நின்று, ஓடுவோரின் தோளருகில் ஆரவாரிப்பார்கள்.

அந்த ஆரவாரம் ஊக்கம் தரும், ஆபத்தும் அதுவே. பத்தாயிரம் மீட்டர் என்றால் 400 மீட்டர் வட்டத்தை 25 முறை சுற்ற வேண்டும். நாற்பது நிமிடத்தில் முடிக்க விரும்புகிறவர் ஒவ்வொரு சுற்றையும் 96 வினாடியில் ஓடினால் போதும். கேட்பதற்கு எளிதுதான். ஆனால் பல மாதம் பயின்று, கடைசிச் சில நாட்கள் ஓய்ந்து, களைப்பறியாக் கால்களோடு வந்து நிற்கிறவருக்கு அவ்வேகம் முதற்சுற்றில் நடைபோலவே தோன்றும். பக்கத்திலிருப்பவர் முந்துகிறார், இவரும் விரைகிறார். சுற்று 88 வினாடியில் முடிந்துவிடுகிறது. எட்டு வினாடி மிச்சம் பிடித்தோம் என்று மனம் மகிழ்கிறது. அது மிச்சமன்று, அன்பர்களே, கடன்; அதுவும் கடுவட்டிக் கடன்.

ஏனெனில், தசைகளுக்கு இரத்தம் கொண்டுசேர்க்கும் பிராணவாயுவிற்கு ஓர் அளவு உண்டு. அவ்வளவுக்குள் ஓடினால் உடல் நெடுநேரம் ஈடுகொடுக்கும். அளவைத் தாண்டியதும், தசைகள் வேறு வழியில் சக்தியைத் திரட்டிக்கொள்கின்றன, அவ்வழியின் கழிவுகள் தேங்குகின்றன, மூச்சு திணறுகிறது. இதற்கெல்லாம் லாக்டிக் அமிலமே குற்றவாளி என்று முற்காலத்தில் கூறுவார்கள். இன்று அறிவியலார் அதன்மேல் முழுப்பழியையும் சுமத்துவதில்லை. பழி யார்மேலாயினும் பயன் ஒன்றே. முதற்சுற்றில் பிடித்த எட்டு வினாடி, பதினைந்தாம் சுற்றுக்குப்பின் ஐந்தைந்தாகவும் பத்துப்பத்தாகவும் பறிபோகும்.

இங்கேதான் முன்னோடுகிறவர் தேவைப்படுகிறார். ஆங்கிலத்தில் அவரைப் பேஸ்மேக்கர் என்பர். (நம் வாசகருள் முதியோர் பலருக்கு இச்சொல் நெஞ்சில் பொருத்தும் கருவியையே நினைவூட்டும், அதுவும் துடிப்பை ஒழுங்குபடுத்துவதுதானே!) குறித்த வேகத்தில், வினாடி பிசகாமல், அவர் முன்னே ஓடுகிறார். காற்று அவர் மார்பில் மோதுகிறது; பின்வருவோருக்கு அவர் முதுகே மறைவு. கணக்குப் பார்க்கும் கவலையும் அவருடையது. பின்வருவோர் உள்வரம்பை ஒட்டி வரிசையாக ஓடினால் போதும். இரண்டாம் பாதைக்கு விலகி ஓடினாலோ சுற்றுக்கு ஏழரை மீட்டருக்கு மேல் வீணாகும். இவ்வளவும் செய்துவிட்டு, பாதிவழியிலோ சற்றுப் பின்னரோ அவர் ஓரமாக விலகிப் புல்லில் இறங்கிவிடுகிறார்.

இவ்வுதவி நேர்மையானதா என்னும் வழக்கு பழமையானது. 1953-ஆம் ஆண்டு ஜூன் மாதம், ரோஜர் பானிஸ்டர் என்னும் ஆங்கிலேய மருத்துவ மாணவர் மாட்ஸ்பர் பார்க் தளத்தில் ஒரு மைலை 4 நிமிடம் 2 வினாடியில் ஓடினார். அவருடைய தோழர் கிறிஸ் பிராஷர் வேண்டுமென்றே மெல்ல ஓடி, பானிஸ்டர் ஒரு சுற்று முந்தி வந்து சேரும்வரை காத்திருந்து, பிறகு அவரை ஊக்கிக்கொண்டு ஓடினார். இது மெய்யான போட்டியன்று என்று அதிகாரிகள் அந்நேரத்தை ஏற்க மறுத்தனர். மறுத்தது சரியே என்பது நம் கருத்து. தோழருக்கு உதவுவது வேறு. போட்டியை நாடகமாக்குவது வேறு.

அடுத்த ஆண்டு, 1954 மே 6 அன்று, ஆக்ஸ்போர்டின் இஃப்லி ரோடு தளத்தில் நடந்தது அத்தகையதன்று. பிராஷர் தொடக்கத்திலிருந்தே முன்னோடினார். முதற்சுற்றிலேயே, பின்னால் வந்த பானிஸ்டர் இன்னும் வேகமாக ஓடும்படி கூவினார். பிராஷரோ தம் வேகத்தை மாற்றவில்லை. அச்சுற்று முடிந்தபோது நேரம் 57.5 வினாடி, வேண்டியதைவிட விரைவாகவே ஓடிக்கொண்டிருந்தார்கள்! கூவியவர் சொற்படி கேட்டிருந்தால், கடைசிச் சுற்றுக்கு அவரிடம் என்ன எஞ்சியிருக்கும்? பிராஷருக்குப்பின் கிறிஸ் சாட்டவே முன்னிலை ஏற்றார். இறுதியில் பானிஸ்டர் 3 நிமிடம் 59.4 வினாடியில் கோட்டைத் தொட்டார். நான்கு நிமிடத்திற்குள் மைல் ஓடிய முதல் மனிதர் அவரே.

இப்போது தளத்தின் ஓரத்தில் விளக்குகளையே பதித்து, குறித்த வேகத்தில் ஒளி ஓடும்படி செய்துவிட்டார்கள். 2020 அக்டோபரில் வாலென்சியாவில் உகாண்டா நாட்டின் ஜோஷுவா செப்டெகே அவ்வொளியோடு ஓடி, பத்தாயிரம் மீட்டரை 26 நிமிடம் 11 வினாடியில் முடித்தார். சுற்றுக்கு 63 வினாடியும் ஆகவில்லை. ஒளி பிசகாது, சோர்வதுமில்லை. ஆயினும் அது காற்றை மறைக்காது. கூவுகிறவர் உண்மையில் வலுவோடுதான் கூவுகிறாரா, பதற்றத்தால் கூவுகிறாரா என்று அறியாது. எமக்கு மனிதரின் முதுகே மேலாகத் தோன்றுகிறது.

அன்று முன்னோடிய இருவரின் பிற்காலத்தையும் சொல்லிவிடுகிறோம். சாட்டவே அதே 1954 அக்டோபரில் ஐயாயிரம் மீட்டரில் உலகச் சாதனை படைத்தார். பிராஷர் 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தடையோட்டத்தில் தங்கம் வென்றார். பின்னர் இலண்டன் மாரத்தானைத் தொடங்கியவர்களுள் ஒருவரானார். 1981 மார்ச்சில் நடந்த அதன் முதல் ஓட்டத்தில், முன்னணியில் வந்த அமெரிக்கரும் நார்வேக்காரரும் கைகோத்தபடியே கோட்டைக் கடந்தனர்.