அவர்தான் எனக்குத் தரணும்!

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப்போட்ட விஷயம் இது. போன வருஷம் சிங்கப்பூர்ல என்னைத் திவாலாக்கப் பார்த்தாங்க. இங்கே பேப்பர்ல 'நொடிப்பு'ன்னு போடுவாங்க.

நான் வீடு புதுப்பிக்கிற சின்ன காண்ட்ராக்டர். கம்பெனியெல்லாம் இல்லை, என் பேர்லயே நடத்துற தொழில். அதனால கடன் வந்தா என் தலைமேலதான். டைல்ஸ் கொடுத்தவர் 18,400 வெள்ளி கேட்டு 'ஸ்டாட்யூட்டரி டிமாண்ட்' அனுப்பிட்டார். பாக்கி 15,000 வெள்ளியோ அதுக்கு மேலோ இருந்து, 21 நாளில் தீர்க்கலேன்னா நொடிப்பு மனு போடலாம். நொடிச்சவன்னு ஆயிட்டா அனுமதி இல்லாம வெளிநாடு போக முடியாது. ஊர்ல அம்மாவுக்கு 81 வயசு. அன்னிக்கு ராத்திரி தூக்கமே இல்லை.

பணம் தரலைங்கிறது உண்மைதான். ஏன் தரலை? அவர் கொடுத்த டைல்ஸ் மூணே மாசத்துல விரிசல் விட்டுடுச்சு. மூணு வீட்டுத் தரையைப் பெயர்த்து மறுபடி போட்டதுல எனக்கு 20,150 வெள்ளி செலவு. "அவர்தான் எனக்குத் தரணும்!"னு வக்கீல்கிட்ட கத்தினேன்.

அவர் நிதானமாச் சொன்னார்: "சார், அதுக்குச் சட்டத்துல இடம் இருக்கு. உங்க எதிர்க்கோரிக்கை அவர் கேக்கிற தொகைக்குச் சமமாவோ கூடவோ இருந்தா, டிமாண்டை ரத்து பண்ணச் சொல்லலாம். ஆனா 14 நாளுக்குள்ள மனு போடணும். எட்டு நாள் போயிடுச்சே... சரி, விரிசல் விட்டப்பவே அவருக்கு எழுதினீங்களா?"

வயித்துல புளியைக் கரைச்சது. எல்லாம் போன்ல போட்ட சண்டை. டிமாண்ட் வந்தப்புறம் கிளப்புற புகாரைக் கோர்ட் சுலபத்துல நம்பாதாம்.

காப்பாத்தினது பழைய வாட்ஸப். கோபத்துல நான் அனுப்பின ஏழு போட்டோ, கீழே அவர் பதில்: "பார்த்துக்கலாம் தம்பி." அதையும் கூலி ரசீதுகளையும் அஃபிடவிட்டோட சேர்த்துப் போட்டோம். டிமாண்ட் ரத்தாச்சு.

ஜெயிச்சுட்டேன்னு அர்த்தமில்லை. யார் யாருக்குத் தரணும்னு கோர்ட் முடிவு பண்ணலை. இதுல விசாரிக்கவேண்டிய தகராறு இருக்கு, நொடிப்பைக் காட்டி வசூல் பண்ணக்கூடாதுன்னு சொல்லிச்சு, அவ்வளவுதான். வழக்கு தனியா நடக்குது.

மக்களே, சண்டை போடுங்க, தப்பில்லை. ஆனா அன்னிக்கே எழுத்துல போடுங்க :-)

பி.கு: பொங்கலுக்கு ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துட்டு வந்தேன்.