கடிதமே, அட்டென்ஷன்!

பி.காம். படித்தவனுக்குக் கடிதம் எழுத வரும் என்று எங்கள் தெருவில் ஒரு மூடநம்பிக்கை உண்டு. எங்களுக்கு அதை ஒரு பாடமாகவே வைத்திருந்தார்கள் என்பதுதான் காரணம். வணிகக் கடிதம். 'தங்கள் மேலான கடிதம் கிடைக்கப் பெற்றோம்' என்று ஆரம்பித்து, இரு கம்பெனிகளின் நீண்டகால நல்லுறவை ஒரு பாரா புகழ்ந்து, கடைசியில் தயங்கித் தயங்கி, 'அனுப்பிய 12 மூட்டையில் 3 மூட்டை நனைந்திருந்தது' என்று முடிக்க வேண்டும். நனைந்த மூட்டையை முதல் வரியிலேயே இறக்கி வைத்தால் மார்க் போய்விடும்.

நிஜமாக எனக்குக் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்தவர் எதிர்வீட்டு ரிட்டயர்டு சுபேதார். எங்கள் ஊர் வேலூர் பக்கம். இங்கே எந்தத் தெருவுக்குப் போனாலும், ஏதாவது ஒரு வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கறுப்பு டிரங்குப் பெட்டி ஒன்று இருக்கும். மூடியில் வெள்ளைப் பெயிண்டில் நம்பர், ரேங்க், பெயர். சுபேதார் சார் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் அவர் கிளார்க் பிரிவு. "இருபத்தெட்டு வருஷத்திலே நான் சுட்டதைவிட டைப் அடிச்சதுதான் தம்பி அதிகம்" என்பார்.

அவரிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்தால் உடனே படித்துவிட மாட்டார். பட்டுப்புடவைக் கடையில் பார்டரைப் பார்ப்பதுபோல் முதலில் தூரப் பிடித்துப் பார்ப்பார். கடித எண் எங்கே? தேதி எங்கே? பொருள் எங்கே? பாராவுக்கு நம்பர் போட்டிருக்கிறதா? எல்லாம் அதனதன் இடத்தில் விறைப்பாக நின்றால்தான் கண்ணாடியை மாட்டுவார்.

"என்ன சார் இது, கடிதத்துக்குக்கூட பரேடா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"நீ எழுதறப்ப ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருப்பே தம்பி. படிக்கிறவன் ரெண்டு ராத்திரியா தூங்கியிருக்க மாட்டான். மழை பெய்யும். டார்ச் வெளிச்சம்தான். தலைக்கு மேலே குண்டு போகும். அவன் உன் கடுதாசியை ஒரு தடவைதான் படிப்பான். அந்த ஒரு தடவையிலே புரியணும்."

பழைய ராணுவக்காரர் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார் என்று முதலில் நினைத்தேன். பிறகு பாலக்லாவா கதையைப் படித்தேன்.

1854 அக்டோபர் 25. கிரிமியாவில் பிரிட்டிஷ், பிரெஞ்சு, துருக்கிப் படைகள் ஒரு பக்கம். ரஷ்யப் படை மறுபக்கம். பிரிட்டிஷ் தளபதி ராக்லன் பிரபு ஒரு மேட்டின் மீது நிற்கிறார். அங்கிருந்து பார்த்தால் மொத்தக் களமும் சினிமா மாதிரி தெரிகிறது. காலையில் கைப்பற்றிய பிரிட்டிஷ் பீரங்கிகளை ஒரு பக்கத்துக் குன்றிலிருந்து ரஷ்யர்கள் இழுத்துக்கொண்டு போகத் தயாராகிறார்கள். ராக்லன் பரபரக்கிறார். அவர் சொல்லச் சொல்ல ஏரி என்ற அதிகாரி பென்சிலால் ஒரு சீட்டில் எழுதுகிறார். குதிரைப்படை வேகமாக முன்னேற வேண்டும், எதிரியைத் தொடர வேண்டும், பீரங்கிகளை அவர்கள் கொண்டுபோகாமல் தடுக்க முயல வேண்டும், இடப்பக்கம் பிரெஞ்சுக் குதிரைப்படை இருக்கிறது, உடனடி. இவ்வளவுதான் சாரம்.

எந்தப் பீரங்கி? சீட்டில் இல்லை. மேட்டில் நின்றவருக்கு அது சொல்லாமலே தெரிந்த விஷயம். ஆனால் சீட்டு போய்ச் சேர வேண்டியது கீழே பள்ளத்தாக்கில் இருந்த லூகன் பிரபுவுக்கு. அவர் நின்ற இடத்திலிருந்து அந்தக் குன்றின் பீரங்கிகள் தெரியாது. பள்ளத்தாக்கின் கடைசியில் ரஷ்யர்கள் நிறுத்தியிருந்த பீரங்கி வரிசைதான் அவருக்குப் பீரங்கி. சீட்டைக் கொண்டுவந்த கேப்டன் நோலனிடமே எந்தப் பீரங்கி என்று கேட்டார். நோலன் கோபமாகக் கையை வீசி, அதோ என்றார். அந்த 'அதோ'வை நம்பி ஏறத்தாழ 670 குதிரை வீரர்கள், மூன்று பக்கமும் குண்டு பொழிய, கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் பாய்ந்து போனார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. முதலில் விழுந்தவர்களில் நோலனும் ஒருவர்.

அந்தப் பென்சில் சீட்டு லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தப்பு ராக்லனுடையதா, லூகனுடையதா, நோலனுடையதா என்று 170 வருஷத்துக்குப் பிறகும் பட்டிமன்றம் நடக்கிறது. 'அந்தச் சரக்கை அனுப்பவும்' என்று சீட்டு கொடுத்தால், எங்கள் ஊர் அரிசி மண்டி குடோன் பையன்கூட 'எந்தச் சரக்குண்ணா?' என்று கேட்டுவிட்டுத்தான் மூட்டையில் கை வைப்பான். போர்க்களத்தில் அப்படிக் கேட்டு விளக்கம் வாங்க நேரம் கிடைப்பதில்லை. அதனால் கேள்வியே வராதபடி எழுதித்தான் ஆக வேண்டும்.

ராணுவக் கடிதத்தின் முரட்டு விதிகள் எல்லாம் இப்படி யாரோ ரத்தம் சிந்தி வாங்கிக் கொடுத்தவை போலத்தான் எனக்குப் படுகிறது. 'நாளை விடியற்காலை' என்று எழுதக் கூடாது. விடியல் ஊருக்கு ஊர் மாறும். 0500 என்று நாலு இலக்கத்தில் எழுத வேண்டும். 5 மணி என்றால் காலையா மாலையா என்ற வம்பே இல்லை. பல நாடுகள் சேர்ந்து செய்கிற காரியமென்றால் கடைசியில் 'ஸூலு' என்று ஒரு குறி. கிரீன்விச் நேரம் என்று அர்த்தம். '29ஆம் தேதி ராத்திரி' என்றால் நள்ளிரவுக்கு முன்னாலா பின்னாலா? ஆகவே '29/30 இரவு'. ஆங்கிலத்தில் எழுதும்போது ஊர்ப் பெயர்கள் முழுக்கப் பெரிய எழுத்தில். அவசரத்தில் ஓரெழுத்து மாறி வேறு ஊருக்குப் பட்டாளம் போய்விடக் கூடாது. பாராவுக்கு நம்பர் எதற்கு? பதில் எழுதுகிறவன் 'தங்கள் பாரா 3' என்று சுட்டிக்காட்டத்தான்.

அமெரிக்கத் தரைப்படையில் கடிதம் எழுதுவதற்கென்றே 25-50 என்ற எண்ணில் ஒரு விதிநூல் இருக்கிறது. அதன் இலக்கணம் ஒரே வரி: படிப்பவருக்கு வேகமான ஒரே வாசிப்பில் புரிய வேண்டும். சுபேதார் சார் சொன்னதேதான். முக்கிய விஷயம் முதலில் வரட்டும். வாக்கியம் சராசரியாக 15 வார்த்தை. பாரா 10 வரிக்கு மேல் போகாமல் இருக்கட்டும். கடிதம் கூடியவரை ஒரே பக்கம்; மீதியெல்லாம் இணைப்பில். இந்த விதிநூலை எங்கள் வணிகக் கடிதப் பேராசிரியரிடம் காட்டியிருந்தால், நனைந்த மூட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்திருப்பார்.

சர்ச்சிலும் இதற்காகத் தலையில் அடித்துக்கொண்டவர்தான். 1940 ஆகஸ்டில், லண்டனுக்குக் குண்டு வரப்போகிற நேரத்தில், அறிக்கைகளைச் சுருக்கி எழுதுங்கள், வளவளா சொற்றொடர்களை விட்டொழியுங்கள் என்று ஒரு குறிப்பு அனுப்பினார். நம் நீலகிரியில், வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜில் முப்படை அதிகாரிகளும் படிக்கிறார்களே, அங்கேயும் சண்டைத் திட்டத்தோடு அதை எழுத்தில் வைக்கிற வித்தையும் பாடம்தான்.

சுருக்கத்துக்கு உலக ரெக்கார்டு என்று நான் நினைப்பது 1944 டிசம்பர் 22ஆம் தேதிக் கடிதம். பெல்ஜியத்தில் பாஸ்டோன் நகரில் அமெரிக்கப் படையை ஜெர்மானியர்கள் சுற்றி வளைத்து, சரணடையச் சொல்லி நீளமாக எழுதி அனுப்பினார்கள். ஜெனரல் மெக்காலிஃப் பதிலை டைப் அடித்தே அனுப்பினார். மேலே தேதி. 'ஜெர்மன் தளபதிக்கு.' நடுவில் ஒரே வார்த்தை: 'நட்ஸ்!' கீழே, 'அமெரிக்கத் தளபதி.' வாங்கிய ஜெர்மன் அதிகாரிகள் முழித்தார்கள். முந்திரிப் பருப்பு, பாதாம் பருப்பு என்றா அர்த்தம்? கொண்டுபோன அமெரிக்க கர்னல்தான், 'நாசமாய்ப் போங்கள்' என்று அர்த்தம் என விளக்க வேண்டியிருந்தது. இதை சுபேதார் சாரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "பார்மட் நூத்துக்கு நூறு. ஆனா எதிராளிக்குத் தெரியாத வார்த்தை. அதுக்குப் பத்து மார்க் கட்" என்றார்.

இதெல்லாம் ஏதோ தூரதேசத்துச் சண்டைக் கதை என்று இருந்தவனை, போன வருஷம் பக்கத்துத் தெரு அக்கா ஒருத்தி உலுக்கிவிட்டாள். அவள் புருஷன் ஹவில்தாராக இருந்து ரிட்டயர் ஆனவர். காலமாகி ஏழு மாசம். குடும்ப பென்ஷன் வரவில்லை. ராணுவ ரெக்கார்டில் அவள் பெயர் ஒருவிதம், ஆதாரில் ஓரெழுத்து வேறுவிதம். அந்த ஓரெழுத்து, மகளின் நர்ஸிங் ஃபீஸை விழுங்கிக்கொண்டிருந்தது. கழுத்துச் சங்கிலி ஏற்கெனவே அடகுக் கடைக்குப் போயிருந்தது.

மூன்று பக்க மனு ஒன்றை யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். 'தெய்வத்திற்கு நிகரான ஐயா அவர்களின் பொற்பாதங்களுக்கு' என்று துவக்கம். கணவரின் வீரம், இவளுடைய மூட்டுவலி, மாமியாரின் கண் ஆபரேஷன் எல்லாம் இருந்தன. எழுத்து மாறிய விஷயம் மூன்றாம் பக்கத்தில் ஒரு மூலையில். கணவரின் ராணுவ நம்பர் எங்கேயுமே இல்லை. இரண்டு முறை அனுப்பியதற்கு ஒரு பதில் வந்திருந்தது: 'தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு வருகிறது.'

சுபேதார் சார் மனுவை மடித்துக் கீழே வைத்தார். "வீட்டுக்காரர் நம்பர் என்னம்மா?"

அவள் டாண் டாண் என்று ஏழெட்டு இலக்கமும் சொன்னாள். கூடவே ரேங்க், யூனிட், கடைசியில் '56 ஏபிஓ'. பதினேழு வருஷம் இன்லண்ட் லெட்டரில் எழுதி எழுதி மனப்பாடம். பெயரை மட்டும் சொல்லவில்லை. புருஷன் பெயரைச் சொல்கிற வழக்கமில்லாதவள். நம்பரைச் சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று நாங்கள் எழுதியது ஒரே பக்கம். பொருள்: பெயர்த் திருத்தம், குடும்ப பென்ஷன். முதல் பாராவில் நம்பர், ரேங்க், பெயர், இறந்த தேதி. இரண்டாவதில் அவள் கேட்பது. மூன்றாவதில் ரெக்கார்டில் இருக்கும் பெயர், ஆதாரில் இருக்கும் பெயர், இரண்டும் நானே. நாலாவதில் இணைப்புகள், வரிசை எண் போட்டு. வாசித்துக் காட்டியதும் அவள் முகம் வாடிவிட்டது.

"என் கஷ்டம் ஒண்ணுமே இதுல வரலியே தம்பி?"

சுபேதார் சார்தான் பதில் சொன்னார்: "கஷ்டத்தைப் படிச்சா அந்த கிளார்க் பையன் பாவம்னு உச்சுக்கொட்டுவாம்மா. நம்பரைப் படிச்சாத்தான் எழுந்து போய் ஃபைலை எடுப்பான்."

ஸ்பீட் போஸ்டில் போனது. ஐந்து வாரத்தில் பதில் வந்தது: 'தங்கள் பாரா 3 தொடர்பாக' ஒரு பிரமாணப் பத்திரம் தேவை. அதையும் அனுப்பினோம். அடுத்த மூன்று மாசத்தில் நிலுவையோடு பணம் வந்தது. மகள் இப்போது இரண்டாம் வருஷம் படிக்கிறாள்.

எனக்கு அந்தப் பழைய பதில்தான் மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. 'பரிசீலிக்கப்பட்டு வருகிறது.' யார் பரிசீலிக்கிறார்? "அந்த வாக்கியத்திலே ஆளே இல்லை தம்பி. காலி நாற்காலி" என்றார் சுபேதார் சார். செய்கிறவன் பெயரை வாக்கியத்தில் வை என்பது அந்த 25-50 விதிநூலிலும் உண்டு. அதை இலக்கண விதி என்று நினைத்திருந்தேன். அதற்கும் மேலே என்று காட்டியது ஒரு துண்டுக் காகிதம்.

1944 ஜூன் 5. மறுநாள் நார்மண்டிக் கடற்கரையில் லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் இறங்கப் போகிறார்கள். தோற்றுவிட்டால் வெளியிட என்று ஜெனரல் ஐஸன்ஹோவர் பென்சிலால் நாலு வரி எழுதி பர்ஸில் வைத்துக்கொண்டார். தேதியை ஜூலை 5 என்று மாற்றிப் போட்டிருக்கிறார், அவ்வளவு பதற்றம். முதலில் 'துருப்புகள் திரும்பப் பெறப்பட்டன' என்கிற மாதிரி எழுதி, அதை அடித்துவிட்டு, 'துருப்புகளை நான் திரும்பப் பெற்றுவிட்டேன்' என்று திருத்தியிருக்கிறார். வீரர்கள் தங்கள் கடமையை முழுமையாகச் செய்தார்கள், பழி ஏதேனும் உண்டென்றால் அது என் ஒருவனுடையது என்று முடித்து, கடைசிச் சொற்களுக்கு அடிக்கோடும் போட்டிருக்கிறார். படையெடுப்பு ஜெயித்தது. சீட்டு தேவைப்படவில்லை.

பதினோரு மாசம் கழித்து, 1945 மே 7 அன்று ஜெர்மனி சரணடைந்தது. இந்த வெற்றியை எப்படி அறிவிப்பது என்று அதிகாரிகள் ஆளாளுக்கு அலங்காரமாக எழுதிக் கொடுத்தார்கள். ஐஸன்ஹோவர் அத்தனையையும் ஒதுக்கிவிட்டு ஒரே வரி அனுப்பினார். உள்ளூர் நேரம் 0241, மே 7, 1945, இந்த நேச நாட்டுப் படையின் பணி நிறைவேற்றப்பட்டது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தோல்விக்கு எழுதியதில் 'நான்' இருக்கிறது. வெற்றிக்கு எழுதியதில் 'நான்' இல்லை.

நமக்கு வருகிற கடிதங்களில் பெரும்பாலும் இதை மாற்றித்தான் டைப் அடிக்கிறார்கள்.