கையில் 1932 அஞ்சலட்டை, எதிரே ஸ்ட்ராஹோவ்

ப்ராக் நகரின் கோல்பெனோவா மெட்ரோ நிலையத்திலிருந்து வெளியே வந்தால் சிறிது நடையிலேயே வார இறுதிச் சந்தை. பழைய தொழிற்சாலை வளாகம். மண்ணில் இன்னும் எண்ணெய்க் கறை தெரிகிறது. வாசலிலேயே தொத்திறைச்சி வறுபடும் வாசனையும் கடுகுச் சட்டினி நெடியும் மூக்கைப் பிடித்தன. துருப்பிடித்த ரம்பம், ராணுவத் தொப்பி, கை உடைந்த பொம்மை என்று தரையெல்லாம் பரப்பி வைத்திருந்தார்கள். நான் தேடி வந்தது காகிதம் மட்டும்: செக் மக்களின் பழைய உடற்பயிற்சித் திருவிழாக்களின் அஞ்சலட்டைகள், போஸ்டர் ஸ்டாம்புகள்.

அந்தத் திருவிழாவுக்கு 'ஸ்லெட்' என்று பெயர். 1862-ல் மிரோஸ்லாவ் டிர்ஷ், யின்ட்ரிக் ஃப்யூக்னர் என்ற இருவர் ப்ராகில் 'சோகோல்' சங்கத்தை ஆரம்பித்தார்கள். சோகோல் என்றால் ராஜாளி. செக் நாடு அப்போது ஆஸ்திரியப் பேரரசின் கீழ் இருந்தது. வெளியே பார்த்தால் உடற்பயிற்சி, உள்ளே தேச உணர்வு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் ஊராகச் சங்கத்தார் ரயிலேறித் தலைநகருக்கு வருவார்கள், ஒரே சீருடையில், ஒரே தாளத்தில் கையைக் காலை அசைப்பார்கள். வந்தவர்கள் வீட்டுக்கு நாலு வரி எழுத வேண்டாமா? அட்டைகள் குவிந்தது அதனால்தான்.

ஐந்தாறு மேசை தள்ளி, வாழைப்பழ அட்டைப்பெட்டிகளில் அஞ்சலட்டைகளை நிறுத்தி அடுக்கியிருந்தார் ஒரு பெரியவர். ஊர்ப்பெயர் எழுதிய தடுப்பு அட்டைகளுக்குப் பின்னால் 'சோகோல்' என்று ஒரு தனித் தடுப்பு. விலை மேல் மூலையில் பென்சிலில். பெரும்பாலானவை 30 கொருனாவிலிருந்து 80 வரை. ஒரு கொருனா ஏறக்குறைய நான்கு ரூபாய். முதல் உலகப் போருக்கு முந்தைய வண்ண அச்சு என்றால் 300-ஐத் தாண்டியது. அதிகம் கிடைத்தது 1938. அந்தக் கோடையில் விழா முடிந்து மூன்று மாதத்துக்குள் மியூனிக் ஒப்பந்தம் வந்து நாட்டின் எல்லைப் பகுதிகளை ஹிட்லருக்குக் கொடுத்துவிட்டது. அந்த அட்டைகளைப் புரட்டும்போது தேதியைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

1932 அட்டை ஒன்று கண்ணை இழுத்தது. ஸ்ட்ராஹோவ் மைதானம் முழுக்க வெள்ளைப் பனியன் வரிசைகள், பின்னால் மேடை நிறையக் கூட்டம். பெரியவர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "ஒரே க்ளிக், அசல் போட்டோ" என்றார். 60 கொருனா. பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தேன். அச்சுப் புள்ளிகள் இல்லை, ஆக போட்டோ காகிதம்தான், அது சரி. ஆனால் முன் வரிசையினரின் நிழல் இடப்பக்கம் விழுகிறது, நடு வரிசைக்குப் பின்னால் இருப்பவர்களின் நிழல் வலப்பக்கம். இரண்டுக்கும் நடுவே, தலைமுடி கனத்தில் மெல்லிய வெளிர்க்கோடு. பெரியவரிடம் காட்டினேன். அவர் தலையை ஆட்டி, "இல்லை, அது சூரியன்" என்றார். சூரியன் ஒரே மைதானத்தில் இரண்டு பக்கம் நிற்காது. ஒட்டுப்படமானாலும் வாங்கிக்கொண்டேன். பின்பக்கம் டிர்ஷ் படம் போட்ட தபால்தலை, அவர் பிறந்து நூறாண்டு ஆனதை ஒட்டி அந்த ஆண்டு வந்தது.

பக்கத்து மேசைத் தகர டப்பாவில் போஸ்டர் ஸ்டாம்புகள். தபால்தலை மாதிரியே பல் ஓரம், பின்னால் பசை, ஆனால் காசு மதிப்பு அச்சிட்டிருக்காது, தபாலுக்குச் செல்லாது. விழாவுக்கு முன்பே அச்சிட்டுச் சங்கங்களுக்கு விற்பார்கள். கடித உறையின் பின்பக்கம், மூடும் இடத்தில் ஒட்டினால் கடிதம் போகிற வழியெல்லாம் விளம்பரம். ஒன்றைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன்: சிவப்புச் சட்டை, தொப்பியில் ராஜாளி இறகு, கீழே 1912. சிவப்பு ஒரே பரப்பாக, கனமாக, லேசாக வரம்பு தாண்டி வழிந்திருந்தது. கல்லச்சுக்கு அதுதான் அடையாளம். இன்னொன்றில் அதே படம், ஆனால் சிவப்புக்குள் மஞ்சளும் மஜெந்தாவும் புள்ளி புள்ளியாக, அதாவது பிற்கால மறு அச்சு. இரண்டுக்கும் 40 கொருனாதான் கேட்டார்கள். முதலாவதை எடுத்தேன், பின்னால் உறையின் காகிதம் கிழிந்து ஒட்டியிருந்தும். அது உண்மையில் ஒரு கடிதத்தோடு பயணம் போயிருக்கிறது.

இந்த இடத்தில் வியாபாரிகளோடு எனக்கு ஒத்துப்போகாது. எழுதாத, முத்திரை விழாத சுத்தமான அட்டைக்குத்தான் அவர்கள் அதிக விலை வைக்கிறார்கள். எழுதியதற்குக் குறைவு. என்னைக் கேட்டால் தலைகீழாக இருக்க வேண்டும். 25 கொருனாவுக்கு ஒன்று கிடைத்தது. மூலையில் பென்சிலில் 'ஸ்ட்ராஹோவ், 1920' என்று எழுதி வைத்திருந்தார்கள். திருப்பினால் அல்ஃபோன்ஸ் முகா வரைந்த ப்ராக் கோட்டைத் தபால்தலை, ப்ராக் முத்திரை, ஆண்டு 1920. ஆண்டு சரி, இடம்தான் தவறு. 1920 விழா நடந்தது லெட்னா மேட்டில். ஸ்ட்ராஹோவுக்கு மாறியது 1926-ல். முத்திரை விழாத சுத்தமான அட்டையாக இருந்தால் இதை எதை வைத்துச் சரிபார்ப்பது?

மெட்ரோவில் நாரோட்னி த்ரீடா வந்து ஆற்றை நோக்கி நடந்தேன். தேசிய நாடக அரங்கைத் தாண்டினால் லெகியோன் பாலம். பாலத்தின் நடுவிலிருந்து படி இறங்கி ஸ்த்ரெலெட்ஸ்கி தீவுக்குப் போகலாம். 1882-ல் முதல் ஸ்லெட் இங்கேதான். பெரிய மரங்கள், குழந்தை வண்டியோடு தாய்மார்கள், ஆற்றில் வாத்துகள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சில நிமிட நடைதான். அன்று பயிற்சி செய்தவர்கள் 700 பேர் சொச்சம்; தீவைச் சுற்றி வந்தபோது அவ்வளவு பேர் நின்றிருக்க முடியும் என்றுதான் பட்டது. அவர்களில் பெண்கள் இல்லை; பெண்கள் ப்ராக் ஸ்லெட்டில் இறங்கியது 1901-ல்தான்.

பாலத்தின் மறுகரையில் ஊயெஸ்ட் தெரு. அங்கே பழைய மாளிகை ஒன்று, டிர்ஷ் இல்லம், சோகோலின் தலைமையகம். 1920-களில் சங்கமே வாங்கிப் புதுப்பித்தது. உள்முற்றத்தில் விளையாட்டுப் பையோடு சிறுவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து பெட்ர்ஷீன் குன்று ஏற்றம். ஆப்பிள், பேரிக்காய்த் தோப்புகளுக்கு நடுவே பாதை. உச்சிக்குப் போகும்போது சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. நாலாம் சார்ல்ஸ் மன்னர் 14-ம் நூற்றாண்டில் கட்டிய பசிச்சுவரின் வாசலைத் தாண்டினால் ஸ்ட்ராஹோவ்.

எதிர்பார்த்ததைவிடப் பெரிது, எதிர்பார்த்ததைவிடச் சிதைந்தது. கான்கிரீட் படிகளின் விரிசலில் செடி முளைத்திருக்கிறது, கம்பி வெளியே தெரிகிறது. இரண்டு லட்சத்துக்கும் மேல் மக்கள் அமர்ந்தும் நின்றும் பார்த்த இடம். களம் 300 மீட்டருக்கு மேல் நீளம், சுமார் 200 மீட்டர் அகலம். இப்போது அதைக் கால்பந்து ஆடுகளங்களாகப் பிரித்து ஸ்பார்டா ப்ராக் அணி பயிற்சிக்கு வைத்திருக்கிறது. கம்பிக் கதவருகே நின்று அட்டையைக் கண்ணுக்கு நேரே பிடித்தேன். மறுகோடியில் பந்து உதைத்த பையன் என் சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லை. அட்டையிலோ பின்வரிசை ஆட்களும் முன்வரிசை ஆட்களும் ஏறக்குறைய ஒரே உயரம். இரண்டு படங்களை ஒட்டி எடுத்திருக்கிறார்கள், சந்தேகமே இல்லை. ஏமாற்றுவதற்காகச் செய்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. இவ்வளவு பெரிய களத்தை ஒரு சட்டத்துக்குள் அடக்க அன்றைய அட்டைக்காரருக்கு வேறு வழி இருந்திருக்காது.

இதே சோகோலை 1941-ல் நாஜிகள் தடை செய்து, தலைவர்களைச் சிறையிலும் முகாம்களிலும் அடைத்தார்கள். போருக்குப் பின் 1948-ல் மறுபடி விழா. அதன் ஊர்வலத்தில், புதிதாகக் குடியரசுத் தலைவரான கம்யூனிஸ்ட் கோட்வால்ட் நின்ற மேடையைக் கடக்கும்போது பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதற்குச் சற்று முன் அந்தப் பதவியிலிருந்து விலகிய பெனெஷின் பெயரைச் சொல்லிக் குரல் கொடுத்தார்கள். அத்தோடு சோகோல் முடக்கப்பட்டது. 1955 முதல் இதே களத்தில் அரசு நடத்திய உடற்பயிற்சி விழாவுக்குப் பெயர் 'ஸ்பார்டாகியாடா'.

சந்தைப் பெட்டியில் ஸ்லெட், ஸ்பார்டாகியாடா இரண்டின் அட்டைகளையும் ஒரே தடுப்புக்குப் பின்னால் கலந்து வைத்திருந்தார் பெரியவர். களமும் கூட்டமும் வரிசையும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன, அவர் கலந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் 1948-ல் முகத்தைத் திருப்பியவர்களின் விழாவும், அவர்களின் சங்கத்தை முடக்கியவர்களின் விழாவும் ஒரே கட்டில் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. மைதானத்துச் சுவர் ஓரமாக உட்கார்ந்து, வாங்கியவற்றை ஆண்டு பார்த்துப் பிரித்து, ஸ்பார்டாகியாடா அட்டைகளை வேறு உறையில் போட்டேன்.