எங்களுக்குக் கேட்காத விசில்

மோட்டார் போடும் சத்தத்தை வைத்தே அதற்கு என்ன நோவு என்று சொல்லிவிடலாம். கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் 31 வருஷம் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். ஸ்க்ரூடிரைவர் முனையைப் பேரிங் மேல் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக் கேட்போம். சந்தேகம் தீராவிட்டால் ஸ்விட்சை அணைப்போம். கரண்ட் போன நொடியே சத்தம் நின்றால் கோளாறு மின்சாரப் பக்கம். சுற்று குறையக் குறைய மெல்ல அடங்கினால் பேரிங்கையோ பேலன்ஸையோ பார்க்க வேண்டும்.

நம் லைன் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு சுழற்சியிலும் காந்தம் இரும்பை இரண்டு முறை இழுப்பதால் மோட்டாரின் ரீங்காரம் 100 ஹெர்ட்ஸ். அது எங்களுக்குப் பழகின சத்தம்.

1990களின் கடைசியில் டிரைவ் வந்தது. மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி. ஃபேன் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் கரண்ட் செலவு ஏறக்குறையப் பாதியாகிவிடும். சும்மாவா வாங்குவார் முதலாளி! ஆனால் அது கரண்டை வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டிக் கொடுக்கும். அதற்கேற்ப மோட்டார் இரும்பும் அதிரும்.

முதலில் ஹியூமிடிஃபிகேஷன் பிளாண்ட் ஃபேனுக்குத்தான் மாட்டினோம். மறுவாரமே, அடுத்திருந்த நூல் பரிசோதனை அறைப் பெண்கள் தலைவலி என்றார்கள். எல்லாருக்கும் இருபது வயசு இருக்கும்.

"விசில் மாதிரி விடாம கேக்குதுங்க சார், பல்லு கூசுது."

மேனேஜர் வந்து நின்றார். ஃபோர்மேன் நின்றார். நானும் நின்றேன். மூவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. "வேலைக்குச் சாக்கு" என்று மேனேஜர் கிளம்பிவிட்டார்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. இத்தனை பேருக்கு ஒரே நாளில் ஒரே மாதிரி பல் கூசுமா? புதிதாகச் சேர்ந்திருந்த ஐ.டி.ஐ. பையனைக் கூட்டிவந்தேன். வாசலிலேயே காதைப் பொத்திக்கொண்டான்.

டிரைவில் கேரியர் ஃப்ரீக்வென்சி 4 கிலோ ஹெர்ட்ஸ் என்று வைத்திருந்தது. பேரிரைச்சலில் வருஷக்கணக்கில் நிற்பவர்களுக்குக் காதில் முதலில் அடிபடுவது 4000 ஹெர்ட்ஸ் பக்கம்தான். ரிங் ஃப்ரேம்களுக்கு நடுவே முடி நரைத்த எங்களுக்குப் பேச்சு கேட்கும், சங்கு கேட்கும், அந்த விசில் மட்டும் கேட்காது.

கேரியரை 8 கிலோ ஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் சத்தம் நன்றாகக் குறையும். ஆனால் வெட்டு கூடக் கூட டிரைவ் சூடாகும், முழு லோடு தாங்காது. எங்கள் ஃபேன் முழு லோடில் ஓடியதே இல்லை. ஒரு சாப்பாட்டு நேரத்தில் மாற்றிவிட்டேன். ஒரு வாரம் டிரைவின் சூட்டைக் குறித்துக் காட்டிய பிறகுதான் மேனேஜர் தலையாட்டினார்.

"இப்ப எப்படிம்மா இருக்கு?"

"அடங்கிருச்சுங்க சார்."

எனக்கு முன்னும் பின்னும் ஒரே மாதிரிதான் இருந்தது. அன்றைக்கே ஸ்டோர்ஸில் கேட்டு அந்தப் பையனுக்குக் காதடைப்பான் வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாரம் போட்டுக்கொண்டான்.