தொண்டையால் பாடாதே

சிவகாசியிலிருந்து சாத்தூர் போகும் வழியில் ஒரு சிற்றூர். வேப்பமரத்தடியில் பாய் விரித்து ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பஸ் ஓட்டி விளையாடும் பிள்ளைகள்போல உதட்டை அதிரவிட்டு 'புர்ர்ர்' என்று ஓசை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். ஐவரும் ஸ்பெஷல் நாடகக்காரர்கள். பங்குனிப் பொங்கல் நெருங்குகிறது, இனி விடிய விடிய மேடைதான்.

சொல்லிக்கொடுக்கும் அம்மா முப்பது வருடத்துக்கு மேல் ஸ்திரீபார்ட். வள்ளியாக அவர் நிற்காத கோயில் திடல் இந்தப் பக்கம் குறைவு. "நாங்க கத்தித்தான் கத்துக்கிட்டோம் தம்பி. தொண்டை கட்டுனா மிளகு, பனங்கற்கண்டு, அடுத்த ஊரு" என்றார். ஒரு சீசனில் குரல் அறவே போனது. குரல் நாணில் காய்ப்பு என்றார் டாக்டர். மண்வெட்டி பிடித்த கையில் விழுமே, அதே காய்ப்பு. மூன்று மாதம் பேசாமல் கிடந்து, பேச்சுப் பயிற்சி எடுத்து மீண்டவர், அதில் கற்றதைத்தான் இப்போது இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்.

இந்த மேடையின் கணக்கு கடுமையானது. இரவு பத்துக்கு மேல் தொடங்கினால் விடியும்வரை பாட்டும் வசனமும். ஒத்திகை கிடையாது. பல ஊர்களிலிருந்து வந்தவர்கள் அன்றிரவு மேடையில்தான் சேருகிறார்கள். வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கம் மட்டுமே மணிக்கணக்கில் நீளும். ஐந்து கட்டை சுருதியில் மேல் ஷட்ஜத்தைப் பிடிக்கும் ஆணின் குரல் நாண்கள் நொடிக்குச் சுமார் 390 முறை மோதிக்கொள்கின்றன. மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்குக் கேட்க அந்த உச்சம் தேவைப்பட்டது. மைக் வந்து பல தலைமுறை ஆகியும் சுருதி இறங்கவில்லை. இறக்கினால் 'சாரீரம் போச்சு' என்பார்கள் என்ற பயம். அம்மா துணிந்து அரைக் கட்டை, ஒரு கட்டை குறைக்கச் சொல்கிறார். அது சரி என்றே எனக்கும் படுகிறது.

இளம் ராஜபார்ட் ஒருவர் எடுத்த எடுப்பில் உச்சத்துக்குப் போனார். கழுத்து நரம்பு புடைத்தது. அம்மா அவர் விலாவில் கை வைத்து, "இங்க விரியணும்யா. தொண்டையால பாடாத, அது வாசல்தான். மூச்சு அடிவயித்துல இருக்கு" என்றார். அகல் விளக்கை ஏற்றி அவர் வாய்க்கு ஒரு சாண் முன்னால் பிடித்தார். 'ஆ' என்று இழுக்கும்போது சுடர் அலையக்கூடாது. முதல் முறை அணைந்தது. நாலாவது முறை சுடர் லேசாகச் சாய்ந்து நின்றது, குரலும் உருண்டு வந்தது. அந்த மாற்றத்தை என் காதாலேயே கேட்டேன்.

செருமாதே, எச்சிலை விழுங்கு. குரல் கம்மினால் கிசுகிசுக்காதே, பேசாமலே இரு. நாடகத்துக்கு முன் விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா வேண்டாம், புளித்த ஏப்பம் மேலேறித் தொண்டையைச் சுடும். இப்படிச் சொல்லிக்கொண்டே போனார். பட்டாசு ஆலைக்குப் போகும் பெண் ஒருத்திக்கு, வேலை விட்டதும் வாய் கொப்பளித்து மூக்கைக் கழுவிவிட்டுத்தான் சாதகம் என்று தனிக் கட்டளை.

இந்த மண்ணுக்கு இந்தக் கலையில் பெரிய உரிமை உண்டு. தேசியப் பாட்டுக்காகப் பலமுறை சிறை சென்ற தியாகி விஸ்வநாததாஸ் 1886-இல் சிவகாசியில் பிறந்தவர். 1940 டிசம்பர் 31 இரவு, சென்னை ராயல் தியேட்டரில் முருகனாக மயில்மேல் அமர்ந்து பாடும்போதே உயிர் பிரிந்தது. அவரைப் போற்றும் ஊர், இன்று பாடுகிறவர்களின் தொண்டையையும் காக்க வேண்டாமா?

விடைபெறும்போது அம்மா கேட்டவை இரண்டு. விழாக் கமிட்டியாருக்கு அவற்றை அப்படியே சேர்ப்பிக்கிறேன். ஒரு ஸ்பீக்கர் பெட்டியை மேடையைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். தன் குரல் தனக்குக் கேட்காதவர்தான் கத்துகிறார். பாட்டு நடக்கையில் மேடைக்குப் பக்கத்தில் வேட்டு போடாதீர்கள். அந்தப் புகையை இழுத்துத்தான் அவர்கள் அடுத்த அடியைப் பாட வேண்டியிருக்கிறது.