விட்ட கணக்குகள்

சான் டியாகோ

அன்புள்ள அக்கா,

காலாண்டுக் கணக்குத் தேர்வில் பாதித் தாளை வெறுமையாக வைத்த உன் ஒன்பதாம் வகுப்புப் பையனைப் பற்றி எழுதியிருந்தாய். "மண்டையில ஒண்ணும் ஏறல" என்று முடித்திருந்தாயே, அந்த வரி என்னை விடவில்லை.

என் மகனும் இங்கே ஒரு தேர்வில் மிகக் குறைவாக வாங்கினான். கேட்டால், "அது கிரேடுல சேராதும்மா, பாதிக்கு மேல சும்மா டிக் அடிச்சேன்" என்கிறான். கோபப்பட்டேன். ஆனால் இப்படிப்பட்ட தாள்களை வைத்துத்தானே நாடுகளையே வரிசைப்படுத்துகிறார்கள்?

2012இல் பீசா (PISA) என்னும் பன்னாட்டுத் தேர்வில் கணக்கில் ஷாங்காய் முதலிடம், அமெரிக்கா 36. எழுதுகிற பிள்ளைக்கு அதனால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. யூரி கினீசி, ஜான் லிஸ்ட் முதலான பொருளியல் ஆய்வாளர்கள் இந்த இடத்தைத்தான் பிடித்தார்கள். இரண்டு நாட்டுப் பள்ளிகளிலும் 25 நிமிடத்தில் 25 கணக்குகள் கொடுத்தார்கள். சில பிள்ளைகளுக்கு மட்டும் தேர்வு தொடங்கும் நேரத்தில் ஓர் உறை. அமெரிக்காவில் அதற்குள் 25 டாலர். தவறுகிற, விடுகிற ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு டாலர் திரும்பப் போய்விடும். முன்கூட்டியே சொல்லாததுதான் இதில் முக்கியம். படிக்க அவகாசமில்லை, அந்த நொடியில் அறிவு கூடியிருக்க முடியாது. ஆனாலும் அமெரிக்கப் பிள்ளைகள் கூடுதல் கணக்குகளைத் தொட்டார்கள், அதிலும் தாளின் கடைசிப் பகுதியில். சரியான விடைகளும் கூடின. நாடு முழுக்க இப்படி எழுதியிருந்தால் 36ஆம் இடம் 19 ஆகியிருக்கும் என்பது அவர்கள் மதிப்பீடு. ஷாங்காயில் பணத்தால் மாற்றம் ஏதும் தெரியவில்லை. அந்தப் பிள்ளைகள் காசில்லாமலே முழு மூச்சாக எழுதியிருந்தார்கள் என்றே எனக்குப் படுகிறது.

அப்போதும் ஷாங்காய்தான் முன்னால், அக்கா. கற்றுக்கொள்ளாததை எந்த உறையும் கொண்டுவந்து தராது. 2009 பீசாவின் நீட்டிப்புச் சுற்றில் நம் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் 74 இடங்களில் கடைசி மூன்றுக்குள் நின்றன. பிள்ளைகள் மனம் வைக்கவில்லை என்று சொல்லி அதைத் தள்ளிவிட எனக்குத் துணிவில்லை.

ஆனால் உன் பையன் விஷயத்தில் ஒன்று செய். அவன் தாளை இன்னொரு முறை எடுத்துப் பார். விட்டது நடுநடுவேயா, பின்பாதி முழுக்கவா? பிறகு ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்கார வைத்து, கடிகாரத்தைப் பார்க்காமல், விட்ட கணக்குகளை மட்டும் போடச் சொல். போட்டால் எனக்கு எழுது. போடாவிட்டாலும் எழுது.

அன்புடன்,
உன் தங்கை