பங்காளிகளைப் பிரித்தல்

அந்தக் குழந்தைக்கு நாலு மாதம். வைட்டமின் டி 22 என்று நாங்கள் அறிக்கை கொடுத்திருந்தோம். அதாவது ஒரு மில்லிலிட்டர் சீரத்தில் 22 நானோகிராம். 20-ஐத் தாண்டினால் போதும் என்பது பொதுவான கணக்கு. மறுநாள் காலை குழந்தை மருத்துவர் போன் செய்தார்.

"மேடம், எக்ஸ்-ரேயில் மணிக்கட்டு எலும்பு கோப்பை மாதிரி குழிஞ்சிருக்கு. ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் எகிறிப் போயிருக்கு. தாய்ப்பால் மட்டும்தான், சொட்டு மருந்து எதுவும் கொடுக்கலை. ரிக்கெட்ஸ்னு என் கண்ணு சொல்லுது. உங்க பேப்பர் இல்லைங்குது. நான் எதை நம்பறது?"

எங்களைத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வாங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. புது வீட்டுக்காரருக்குச் சுவரில் விரிசல் கண்ணில் படாது. நல்லவேளை, "சாம்பிள் ஃப்ரீசர்ல இருக்கு டாக்டர், திரும்பப் போட்டுப் பார்க்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். போட்டேன். 22. மூன்றாம் முறையும் 22. ஒரே தப்பைத் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி செய்தால் அதற்குத் துல்லியம் என்று பெயர் வைத்துவிடும் ஆபத்து எங்கள் தொழிலில் உண்டு.

ஸ்டீராய்டு என்றதும் வெளியே இருப்பவர்களுக்கு ஊக்கமருந்தோ, ஆஸ்துமா மாத்திரையோ நினைவுக்கு வரும். ஆய்வகத்தில் அது ஒரு குடும்பப் பெயர். ஒன்றோடொன்று ஒட்டிய நாலு வளையங்கள்தான் குடும்ப அடையாளம், மூதாதை கொலஸ்ட்ரால். கார்ட்டிசால், டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ரடையால், புரொஜெஸ்டிரோன் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். வைட்டமின் டியும் அந்த வீடுதான், ஆனால் ஒரு வளையம் உடைந்தது. உடைப்பது வெயில். தோலில் இருக்கும் கொலஸ்ட்ராலின் நெருங்கிய உறவான 7-டிஹைட்ரோகொலஸ்ட்ரால்மேல் புற ஊதா பி கதிர் பட்டதும் வளையம் திறக்கிறது. மீதியை உடம்புச் சூடு பார்த்துக்கொள்கிறது. இந்தப் பொருளைக் கண்ணாடிக் குப்பியில் அடைத்துத் திருப்பதி வெயிலில் வைத்து, எந்த நேரத்தில் எவ்வளவு மாறுகிறது என்று அளந்து ஒரு குழு 2013-ல் கட்டுரை எழுதியது. பதினோரு மணியிலிருந்து இரண்டு மணிவரைதான் அதிகம் என்று வந்தது. நாம் குடையை விரிக்கும் நேரம்.

தோலில் உண்டானது கல்லீரலுக்குப் போய் ஒரு ஹைட்ராக்சில் ஏற்றிக்கொண்டு 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி ஆகிறது. 1968-ல் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசனில், ஹெக்டர் டெலூகாவின் ஆய்வகத்தில், பன்றி ரத்தத்திலிருந்து இதைப் பிரித்து அடையாளம் கண்டார்கள். பிறகு சிறுநீரகம் இன்னொரு ஹைட்ராக்சிலைச் சேர்த்து வேலை செய்யும் ஹார்மோனாக மாற்றுகிறது. ஆனால் அந்த ஹார்மோன் ரத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும், சில மணி நேரத்தில் கரைந்தும் போகும். கல்லீரல் செய்தது இரண்டு மூன்று வாரம் தங்கும். அதனால் ஒருவரின் கையிருப்பு தெரிய வேண்டுமென்றால் நாங்கள் அளப்பது 25-ஐ.

நான் தொழில் கற்றது ரேடியோ இம்யூனோஅஸ்ஸே காலத்தின் கடைசியில். ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் 1950களின் கடைசியில் இன்சுலினுக்காக உருவாக்கிய முறை. கதிரியக்க முத்திரை குத்திய மூலக்கூறும் நோயாளியின் மூலக்கூறும் ஓர் ஆன்டிபாடிமேல் இடம்பிடிக்கப் போட்டி போடும், பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குத் துண்டு போடுவது மாதிரி. முத்திரைக்காரர் எத்தனை பேர் உட்கார்ந்தார் என்று எண்ணினால், மற்றவர் எத்தனை என்று தெரிந்துவிடும். முத்திரையான அயோடின்-125-க்கு அறுபது நாளில் பாதி உயிர் போய்விடும். ஆகவே கிட் வந்து இறங்கிய நாளிலிருந்தே செத்துக்கொண்டிருக்கும்; ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்க முடியாது.

அப்போது எனக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் எந்த ஹார்மோனுக்கும் ஒரே பாடம்தான் சொல்வார்: "முதல்ல கட்டை அவிழு. அப்புறம் ஆளைப் பாரு." பட்டப்படிப்பில் படித்ததெல்லாம் பாதி மறந்துவிட்டது. இது போகவில்லை.

கட்டு என்று அவர் சொன்னது புரதத்தை. ஸ்டீராய்டுகள் எண்ணெய்க் குணம் உள்ளவை, ரத்தத்தில் தனியாக நீந்த முடியாது. 25-ஹைட்ராக்சி டியை நூற்றுக்கு 85-க்கு மேல் ஒரு தனிப் புரதம் இறுக்கிப் பிடித்திருக்கும், மிச்சத்தில் பெரும்பகுதி ஆல்புமினோடு ஒட்டியிருக்கும், சுதந்திரமாகத் திரிவது நூற்றில் ஒன்றுகூட இல்லை. ஆன்டிபாடியை நம்பும் தானியங்கிக் கருவிகளுக்கு இங்கேதான் திண்டாட்டம். புரதத்தை முழுக்கச் சிதைக்கும் அளவுக்குக் கரைப்பானை ஊற்றினால் ஆன்டிபாடியும் சேர்ந்து செத்துவிடும். ஆகவே நயமாகத்தான் அவிழ்க்க வேண்டும். நயமாக அவிழ்த்தால் முழுக்க அவிழாது. கர்ப்பிணிகளுக்கு அந்தப் புரதமே ஏறிவிடும். 2012-ல் ஆம்ஸ்டர்டாமில் ஆறு முறைகளை ஒப்பிட்டு, புரத அளவு மாறினால் சில கருவிகளின் விடையும் இழுபடுவதைக் காட்டினார்கள்.

எங்கள் முறையில் நயம் கிடையாது. 100 மைக்ரோலிட்டர் சீரம், அதாவது இரண்டு சொட்டு. அதில் முதலில் அளந்து சேர்ப்பது உள்தரம்: அதே வைட்டமின் டி, ஆனால் ஆறு ஹைட்ரஜனுக்குப் பதில் ஆறு டியூட்டீரியம். குணத்தில் ஒன்று, எடையில் மட்டும் ஆறு அதிகம். பிறகு அசிட்டோநைட்ரைல் ஊற்றினால் சீரம் பால் திரிவதுபோல் திரிந்து, புரதம் வெள்ளையாக அடியில் இறங்கும். ஹெக்சேன் சேர்த்துக் குலுக்கி, சுழற்றி, மேலே நிற்பதை எடுத்து, நைட்ரஜன் ஊதி உலர்த்துவோம். வழியில் எவ்வளவு சிந்தினாலும் கவலையில்லை. அசலும் டியூட்டீரியக்காரரும் ஒரே விகிதத்தில் சிந்துவார்கள். நாங்கள் பார்ப்பது விகிதத்தை.

புதிதாக வருகிற பிள்ளைகள் தவறுவது ஒரே இடத்தில். உள்தரம் சேர்த்த கையோடு அசிட்டோநைட்ரைலையும் ஊற்றிவிடுவார்கள். அரை மணி நேரம் சும்மா வைக்க வேண்டும். உள்தரமும் போய்ப் புரதத்தில் கட்டுண்ட பிறகுதான் இரண்டையும் சேர்த்து அவிழ்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று கட்டோடு, ஒன்று கட்டில்லாமல் பயணம் கிளம்பும். விகிதம் பொய் சொல்லும். அந்த அரை மணியில் வேறு வேலை எதுவும் செய்யாதே, டீ குடித்துவிட்டு வா என்று நானே அனுப்பிவிடுவேன்.

அடுத்தது ஆளைப் பார்ப்பது. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் மூலக்கூறை எடை போட்டு, உடைத்து, துண்டையும் எடை போடும். நம் 25-ஹைட்ராக்சி டி3 401-ல் வந்து, ஒரு தண்ணீர் மூலக்கூறை உதிர்த்து 383 ஆகும். இவ்வளவு கறாராக இருந்தால் ஏமாற என்ன இருக்கிறது என்று தோன்றும். ஸ்டீராய்டுக் குடும்பத்தில் ஒரே எடையுள்ள பங்காளிகள் ஏராளம். டெஸ்டோஸ்டிரோனும் டிஹெச்இஏவும் இரண்டுமே 288. 17-ஹைட்ராக்சி புரொஜெஸ்டிரோனும் 11-டிஆக்சிகார்ட்டிகோஸ்டிரோனும் 330. பித்த அமிலம் தயாராகும் வழியில் பிறக்கும் ஒரு பொருள்கூட நம் டியின் எடையோடு வந்து நிற்கும். எடை மேடைக்கு வருமுன்பே இவர்களைப் பிரித்தாக வேண்டும். அதற்குத்தான் காலம்.

காலம் என்றால் சுண்டுவிரல் நீளத்தில் துருப்பிடிக்காத எஃகுக் குழாய். ஆங்கிலப் பெயரைத் தமிழ் வாயால் சொல்கிறோம். உள்ளே மாவு போன்ற சிலிக்கா. பங்காளிகள் அதன் வழியே போகும்போது ஒருவர் கொஞ்சம் அதிகமாக ஒட்டுவார், ஒருவர் குறைவாக. வெளியே வரும் நேரம் மாறும். "காலம் போயிடுச்சு மேடம்" என்று டெக்னீஷியன் வந்து சொல்லும்போது, வெளியாட்கள் இருந்தால் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

ஆன்டிபாடிக்கும் பங்காளிகளால் தொல்லைதான், எங்களைவிட அதிகமாகவே. குறைமாதக் குழந்தைகளின் அட்ரினல், சல்ஃபேட் கோத்த ஸ்டீராய்டுகளைக் கொட்டும். அவற்றையெல்லாம் 17-ஹைட்ராக்சி புரொஜெஸ்டிரோன் என்று எண்ணி நேரடிக் கிட் பயமுறுத்தும். சீரத்தைக் கரைப்பானில் ஒரு கழுவு கழுவினால் சல்ஃபேட்காரர்கள் தண்ணீரிலேயே தங்கிவிடுவார்கள், எண்ணும் இறங்கிவிடும். பெண்களின் டெஸ்டோஸ்டிரோன் கதை இதைவிட மோசம். பிரான்சில் 116 பேரின் சீரத்தைப் பத்து கிட்களில் போட்டுப் பார்த்து 2003-ல் வெளியிட்டார்கள். ஆண்களுக்கு ஓரளவு ஒத்துப்போனது, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் கிட்டுக்குக் கிட் வேறு கதை. அதே இதழின் தலையங்கம், இது குருட்டு ஊகத்தைவிட மேலா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்தது. முகத்தில் முடி வளர்கிறதே என்று கவலையோடு வரும் பெண்ணுக்கு அந்த எண்ணை வைத்துக்கொண்டுதான் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம்.

இதெல்லாம் தெரிந்தும் அந்த நாலு மாதக் குழந்தையிடம் நான் சறுக்கினேன். வைட்டமின் டியின் மூன்றாம் கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் நிற்கிறது. அது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டால் அதற்கு எபிமர் என்று பெயர். எடை ஒன்று, உடையும் விதம் ஒன்று, துண்டுகளும் ஒன்று. எங்களிடம் இருந்த சாதாரண சி18 காலத்தில் இரண்டும் கைகோத்து ஒரே பீக்காக வெளியே வரும். பெரியவர்களிடம் எபிமர் கொஞ்சம்தான். கைக்குழந்தைகள் சிலரிடம் மொத்தத்தில் 60 சதவீதம்வரை இருக்கலாம் என்று மேயோ கிளினிக் குழு 2006-லேயே எழுதிவிட்டது. அந்தக் கட்டுரை என் மேஜை அறையில் இருந்தது, அடிக்கோடு போட்டு.

அதைவிட உறுத்தியது இன்னொன்று. அமெரிக்காவின் தர நிறுவனமான நிஸ்ட் 2009-ல் வெளியிட்ட வைட்டமின் டி சீரத் தொகுப்பில் நாலு குப்பிகள். நாலாவதில் வேண்டுமென்றே எபிமரைக் கலந்திருந்தார்கள், எங்களைப் போன்றவர்களைப் பிடிக்க. முறையை நிறுவும்போது மூன்று குப்பிகளைத்தான் ஓட்டினோம். எண்கள் அழகாகப் பொருந்தின. நாலாவது, தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மைனஸ் 80 ஃப்ரீசரில் கிடந்தது.

பென்டாஃப்ளோரோஃபீனைல் காலம் ஒன்று வரவழைக்கப் பத்து நாள் ஆனது. டாக்டர் அதுவரை காத்திருக்கவில்லை. தன் கண்ணை நம்பிச் சிகிச்சையைத் தொடங்கிவிட்டார். புதுக் காலத்தில் முதலில் நாலாவது குப்பியை ஓட்டினேன். ஒரே பீக்காக இருந்தது இரண்டாகப் பிரிந்து நின்றது. அடுத்து குழந்தையின் சீரம். 25-ஹைட்ராக்சி டி 9. எபிமர் 13. ஒன்பது என்றால் ரிக்கெட்ஸ் வருகிற அளவு. 12-க்குக் கீழே போனாலே பற்றாக்குறை என்று 2016-ல் உலக நிபுணர்கள் கூடி எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலான ஆன்டிபாடிகள் எபிமரைச் சீண்டுவதில்லை. நாங்கள் கழித்துக்கட்டிய பழைய கிட்டில் போட்டிருந்தால் அந்தக் குழந்தைக்கு ஏறக்குறைய சரியான விடை வந்திருக்கும். விலை உயர்ந்த கருவி தப்பு சொன்னது.

பிரிக்கத் தொடங்கியதில் ஒரு லாபமும் வந்தது. ஒரே ஓட்டத்தில் 24,25-டைஹைட்ராக்சி டியையும் பார்க்கலாம். உடம்பு உபரி டியைக் கழிக்கும் வழி அது. 1950களில் பிரிட்டனில் பால்மாவில் வைட்டமின் டி தாராளமாகச் சேர்த்தபோது சில குழந்தைகளுக்குக் கால்சியம் ஆபத்தாக ஏறியது. மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கழிக்கும் நொதியின் மரபணுப் பழுது இப்படிப்பட்ட குழந்தைகளில் இருப்பதை 2011-ல் ஷ்லிங்மானின் குழு காட்டியது. 25-க்கும் 24,25-க்கும் உள்ள விகிதம் சாதாரணமாக 5 முதல் 25. பழுது இருந்தால் 80-ஐத் தாண்டும். இரண்டு பீக், ஒரு வகுத்தல். மரபணுச் சோதனைக்கு அனுப்பலாமா என்று டாக்டருக்கு அன்றே சொல்லிவிடலாம்.

முந்தைய வேலை பாக்கி இருந்தது. அந்த ஒரு வருடத்தில் வந்த ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் சாம்பிளில் ஃப்ரீசரில் மிஞ்சியவை பதினொன்று. எல்லாவற்றையும் புதுக் காலத்தில் ஓட்டினோம். ஏழு பேருக்கு எண் குறைந்தாலும் முடிவு மாறவில்லை. நாலு பேருக்கு மாறியது. ஒருவர் எங்களுக்குத் தெரிந்த குழந்தை. மற்ற மூன்று அறிக்கைகளுக்கும் நானே போன் செய்தேன். இரண்டு டாக்டர்கள் கிடைத்தார்கள்; ஒருவர் கோபப்பட்டார், இன்னொருவர் நன்றி சொன்னார். மூன்றாமவர் ஊரை விட்டுப் போயிருந்தார். பதிவேட்டில் இருந்த பெற்றோரின் எண்ணும் உபயோகத்தில் இல்லை.

அந்தக் குழந்தையின் பழைய பீக்கை அச்செடுத்து வைத்திருக்கிறேன். சி18-ல் ஓடியது, 22 என்று எழுதி என் கையெழுத்தும் இருக்கிறது. இப்போது பார்த்தால் பீக்கின் வலப்பக்கச் சரிவில் லேசாக ஒரு தோள் தெரிகிறது.